ஏழாம் கட்டம்

ஒரு பக்கத்துக்கு ஒன்பது கட்டம்.
அளவுகோல் வைத்துத்தான் போடுவேன்.
உள்ளே வருவது எதுவும் நேராக இருக்கப்போவதில்லை.

முதல் கட்டத்தில் முட்டத்துப் பாறை,
சிப்பி ஒட்டிய பக்கம் மட்டும்.
மூன்று பென்சில், ஒரு முழு மதியம்,
கடைசியில் காய்ந்த ரொட்டி மாதிரி வந்தது.
இரண்டாவதில் மணவாளக்குறிச்சி மணல்:
கறுப்புக்குள் சிவப்பு, அதற்கும் அடியில்
மினுங்கிவிட்டு ஒளியும் ஏதோ ஒன்று.
பழைய பல்துலக்கியை மையில் தோய்த்துக்
கட்டைவிரலால் தெறித்தேன்.
சட்டையிலும் மணவாளக்குறிச்சி.
அயனிச்சக்கையின் முள்ளை எண்ணத் தொடங்கி
நூற்றிப்பத்தில் விட்டேன்.
எண்ணினால் வராது.
எண்ணாமலும் வரவில்லை.

வாரத்தில் ஆறு நாள்
மார்த்தாண்டத்தில் எக்ஸ்ரே எடுக்கிறேன்.
மூச்சைப் பிடிங்க. விடுங்க.
விரிசல் தெரியும்.
யாருடைய கை என்று படத்துக்குத் தெரியாது,
ஓரத்தில் பெயர் எழுதியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை
கடையாலுமூட்டுக்கு பஸ் ஏறினேன்,
ஏழாம் கட்டத்துக்காக.

ரப்பர் மரம்.
வெட்டுக்குக் கீழே கத்தி தொடாத பட்டை,
சாம்பல் நிறம், பல்லி முதுகு.
வெட்டுக்கு மேலே
வருடக்கணக்கில் சீவிச் சீவி
மறுபடி வளர்ந்த பட்டை.
அங்கேதான் கை நின்றது:
சாய்வாக ஏழெட்டுப் புடைப்பு,
கொசுக்கடியைச் சொறிந்த தோல் போல.
காவி பூசி, ஈரம் காயுமுன் உப்பு தூவி,
உதறிவிட்டு
உலர்ந்த தூரிகையை இழுத்தேன்.
இத்தனை நாளில் முதல்முறையாக ஒரு கட்டம்
தொட்டுப் பார் என்றது.

ஒட்டுப்பால் பறிக்க வந்த றோஸ்லெட்
வாளியை இறக்கிவிட்டுக் குனிந்தாள்.
மரத்தைப் பார்க்கவில்லை,
நோட்டைப் பார்த்தாள்.

"இது எடிசனுக்க வெட்டுல்லா."

எப்படித் தெரியும் என்றேன்.

"கத்தி தடியில கொண்டிருக்கு, பாருங்க.
மூணு மணிக்கு எழும்பினா
அவனுக்குக் கண்ணு பிடிக்காது.
அண்ணைக்கு வெட்டினது,
இப்பம் முண்டும் முழையுமா நிக்குது."

நிழல் என்று நான் போட்டது
ஒருவனின் தூக்கம்.

"சூப்ரவைசருக்குக் காட்டாண்டாம், கேட்டியளா.
மரத்த அவரு நிமுந்து பாக்கமாட்டாரு.
படம்னா பாப்பாரு."

அவள் போய்விட்டாள்,
சிரட்டை சிரட்டையாக, அடுத்த வரிசைக்கு.

ஈரத் தூரிகையால் ஒற்றி எடுத்தேன்.
இரண்டு புடைப்பு போனது.
மூன்றாவதில் காகிதம் நூல் நூலாய் எழும்பியது.
மேற்கொண்டு தொடவில்லை.

குலசேகரம் தாண்டி பஸ்ஸில் விளக்கு போட்டார்கள்.
விரல் அந்த இடத்துக்கே போய்ப் போய் வந்தது.
பாறையில் கிடைக்காதது, மணலில் கிடைக்காதது,
வரையாமல் கிடைத்த
சொரசொரப்பு.

எல்லாக் கட்டத்தின் அடியிலும்
இடம், தேதி எழுதுவது வழக்கம்.
ஏழாவதன் கீழே
மரம்
என்று மட்டும் எழுதினேன்.