ஐந்தாவது கால்

ஜூலை. வால்டிவியாவில் பதினோராம் நாளாக மழை.
விறகடுப்புக்கு மேலே கொடியில் காலுறைகள்,
கீழே மேசை, மேசையில் என் திரை,
திரையோரம் ரயேன் வைத்துவிட்டுப் போன தாள்.

மீன்சந்தைக் கரையில்
தலைக்கும் குடலுக்கும் காத்துக் கிடக்குமே ஒரு கடற்சிங்கம்,
அதுதானாம் இது.
ஒரு கண் நெற்றியில், மற்றது கழுத்தில்.
கால் ஐந்து.
மீசை மட்டும் எண்ணி எண்ணிப் போட்டது, முப்பத்தொன்று.
வயிற்றில் ஓர் ஓட்டை,
அழித்து அழித்துத் தாளே கிழிந்த இடம்.

பகலெல்லாம் யாருடையதோ ஒரு செல்பேசி விளையாட்டுக்கு
வாளேந்திய வீரர்களை வரைகிற கை என்னுடையது.
சாந்தியாகோவிலிருந்து மடல் வரும்: தோள் இன்னும் அகலம்.
அகலமாக்குவேன். கூலி வரும்.

அன்றிரவு கூலியில்லாமல் வரைந்தேன்.
கண்களை ஒரே கோட்டில் நிறுத்தினேன்.
தோலில் ஈரம் மினுங்க மூன்றடுக்கு நிழல்.
ஓட்டையை அடைத்தேன்.
ஐந்தாவது கால் வாலாகத்தான் இருக்கவேண்டும் என்று
வாலாக்கினேன்.
விடியும்போது அது மூச்சுவிட்டது, சத்தியமாக.

ரயேன் வெகுநேரம் பார்த்தாள்.
"அழகு, அப்பா."
தம்பி பெல்ட்ரான்தான் திரையை நக்கிப் பார்த்து
உப்பில்லை என்றான்.

பெரிதாக அச்செடுத்துச் சுவரில் மாட்டினோம்.
எதிர்வீட்டு ஹெர்மினியா குடையை மடக்காமலே
உள்ளே வந்து பார்த்தாள்.
அந்த வாரம் நான் கொஞ்சம் நிமிர்ந்துதான் நடந்தேன்.

வியாழக்கிழமை அடுத்த தாள்.
ஒரு நாய். நான்கு கால்.
கண்கள் ஒரே மட்டம்,
இடையில் அளவுகோல் வைத்து இழுத்த பென்சில் தடம்.
ஓட்டை எங்கேயும் இல்லை.
"இந்தத் தடவை சரியா இருக்கா?
நீ ராத்திரி முழிக்க வேண்டாம்ல?"

ஆறு வயது.

கூரைத் தகரத்தில் மழை கூடியதா
எனக்குத்தான் அப்படிக் கேட்டதா, தெரியாது.

திரையை மூடினேன்.
மின்கட்டணச் சீட்டின் முதுகில், இடது கையால்,
கண்ணை இறுக்கிக்கொண்டு ஒரு குதிரை வரைந்தேன்.
குதிரையாகத்தான் தொடங்கியது.
"இதைச் சரிசெய்து தர முடியுமா, அம்மணி?
காலைக்குள் வேண்டும்."

தாளைத் தலைகீழாகத் திருப்பினாள்.
மூக்கைச் சுருக்கினாள்.
சாந்தியாகோக்காரர்களைவிடக் கண்டிப்பு.
"நாலு கால்தானே இருக்கு.
அப்புறம் இது எதுல உக்காரும்?"
சிவப்புக் கட்டியால் ஐந்தாவதை அழுத்தி இறக்கினாள்,
மேசைவரை போயிற்று.
பிறகு பென்சிலைத் திருப்பிப் பிடித்து
வயிற்றில் ஒரே குத்து.
"மழை வெளியே போக வேணாமா."

மறுநாள் மின்வாரிய ஜன்னலில் சீட்டை நீட்டினேன்.
எழுத்தர் ஓட்டை வழியாக என்னைப் பார்த்தார்.
எந்த மாதம் என்றார்.
மாதம் அச்சிட்டிருந்த இடம்தான் இல்லையே.

ஜூலை, என்றேன்.
முத்திரையைக் குதிரைமேல் படாமல்
ஓரமாகக் குத்திக் கொடுத்தார்.