அறுபத்திரண்டு

நல்லம்பள்ளி தாண்டி, பஞ்சர் கடையை ஒட்டி
ஒரே ஒரு சார்ஜர்.
அதில் என் வண்டி.
ஐம்பத்தெட்டு. எண்பது ஆகட்டும் என்று
வறுத்த கடலை கொறித்துக்கொண்டிருந்தேன்.

சேலத்துப் பக்கமிருந்து
ஊர்ந்து வந்து நின்றது இன்னொன்று.
ஏசி அணைத்து, கண்ணாடி இறக்கி
உள்ளே வேர்த்துப்போன நாலு பேர்.
தொப்பூர் ஏற்றம் உறிஞ்சியது போக
மிச்சம் மூன்று சதவீதம்.
பின்சீட்டுப் பையன் வாந்தியெடுத்திருந்தான்.
அவர்கள் எதுவும் கேட்கவில்லை.
அதுதான் தொல்லை.

சரி, என்றேன், அறுபத்திரண்டில்.

அதற்குள் கன் மேல் கை வைத்துவிட்டார் அந்த மனிதர்.
இருங்க சார், இழுக்காதீங்க.
ஓடுகிற மின்சாரத்தை உருவக் கூடாது.
போனில் நிறுத்தச் சொன்னேன்.
நாற்பத்தொன்று, பதினேழு, ஆறு,
பூஜ்யம்.
காற்றாடி இரைச்சல் அடங்கியதும்தான்
புளியமரத்தில் காகம் இருந்தது தெரிந்தது.

சாவியை அழுத்தினேன்.
உள்ளே பூட்டு
டக்கென்று பிடி விட்டது.
ஆட்டாமல், திருகாமல், நேராக.
கையோடு வந்தது
கன்றுக்குட்டித் தலையின் கனத்தில்.
என் வண்டியின் மூடியைச் சாத்திவிட்டு
அவரிடம் நீட்டினேன்.
இரண்டு கையாலும் வாங்கினார்.

"உங்களுக்குப் போதுமா?"
எனக்கு இறக்கம்தானே.
உங்களிடம் பிடுங்கியதில் கொஞ்சம்
எனக்குத் தரும் தொப்பூர்.

கணவாயில், லாரிகளுக்குப் பின்னால்,
பிரேக்கை லேசாகத் தொட்டுத் தொட்டு இறங்கினேன்.
ஐம்பத்தொன்பது, அறுபதானது.
கடலைப் பொட்டலத்தைத் துழாவினேன்.
சார்ஜர் மேலேயே வைத்துவிட்டேன் போல.
பையன் தின்றிருப்பான்.