காரை கோயிலில் நான்கு ஞாயிறு

இடி விழுந்து கோயிலின் ஆம்ப்ளிஃபயர் கருகிப்போனது.
புதுசு வரும்வரை
என் பெட்டியை வாடகைக்கு எடுத்தார்கள்.
'ஏகாம்பரம் ஆடியோஸ், வாலாஜா' என்று
அப்பா பேர் எழுதிய பெட்டி.
ஆடியில் கூழ் ஊற்றுகிற இடத்திலும் இதே மைக்,
விஷாரத்துக் கல்யாணத்திலும் இதே மைக்.
மேலே மாட்டுகிற பஞ்சுத் தொப்பியை மட்டும்
துவைத்துக் கொண்டுபோனேன்.

கடைசி பெஞ்சுக்குப் பின்னால்,
செருப்புகள் பக்கத்தில் எனக்கு ஒரு ஸ்டூல்.
எப்போது எழுவது, எப்போது உட்காருவது தெரியாமல்
முதல் வாரம் முழுக்க
சபையைவிட ஒரு நொடி பிந்தியே இருந்தேன்.

இரண்டாம் வாரம்
ஜெபங்களை முள்ளை வைத்து அடையாளம் கண்டேன்.
ஜீவரத்தினம் சார் வாயைத் திறந்தால்
முள் சிவப்பில் போய் முட்டும்.
ஆண்டவர் ஆற்காட்டுப் பாலத்துக்கு அந்தப் பக்கம்
நடந்து போய்க்கொண்டிருப்பதுபோல் கூப்பிடுவார்.
கமிட்டி செயலாளர் ஆண்டவருக்குச் செய்தி வாசிப்பார்:
டெல்லியில் நடப்பது, பேராயத்தில் நடப்பது,
காம்பவுண்டு சுவர் நிதியில்
இன்னும் நாற்பதாயிரம் துண்டு விழுவது.
ஆயர் புத்தகத்தைப் பார்த்து வாசிப்பார்,
முள் பச்சையைத் தாண்டாது.
நல்ல மனுஷன், எனக்கு வேலை வைக்காதவர்.

மூன்றாம் வாரம் கரண்ட் இல்லை.
சிப்காட் காற்றில் தோல் வாடை வந்தது,
அதற்குள்ளேயே பாடினார்கள்.
வாடகையைப் பிடிக்காமல் கொடுத்துவிட்டார்கள்.

நான்காம் ஞாயிறு பெண்கள் சங்க ஆராதனை.
ஆளுக்கு ஒரு சீட்டு.
மன்றாட்டு, ஐந்து நிமிடம் என்று போட்ட சீட்டு
சுகிர்தமணிக்கு.
ஷூ கம்பெனியில் சோல் ஒட்டுகிறவள்.
மைக் உயரத்தை இறக்கப் போனபோது பார்த்தேன்,
விரல் நுனியெல்லாம் சொல்யூஷன் காய்ந்து
இரண்டாவது தோலாய் உரிந்துகொண்டிருந்தது.

மழைக்காக வாசித்தாள்.
'கர்த்தாவே, எங்கள் ஜெபத்தைக் கேட்டருளும்' என்றது சபை.
ஆளுகிறவர்களுக்காக வாசித்தாள்.
கேட்டருளும் என்றது.
'நோயுற்றோருக்காக' என்று தொடங்கி
நின்றுவிட்டாள்.

ஃபேன் சத்தம்.
காணிக்கைக் காசை ஒரு குழந்தை உருட்டிவிட
அது பீடம்வரைக்கும் போனது.
முதலில் மூச்சு மாறியது.
அம்மன் இறங்குகிறவர்களுக்கு மாறுமே, அந்த மாதிரி.
ஆனால் இங்கே உடம்பு ஆடவில்லை,
சீட்டுகூட ஆடவில்லை.
என் கை தானாகப் போய்க் குமிழை இறக்கியது.
வெளியே போவது நிற்கும்,
ஹெட்ஃபோனுக்கு வருவது நிற்காது.
அதை நான் யோசிக்கவில்லை.

"என்னால ஆவல, ஆண்டவரே.
ராவெல்லாம் பொரட்டிப் பொரட்டிப் படுக்க வெக்கிறேன்,
முதுகுப் புண்ணு ஆறல.
ஏழு மணிக்கு கம்பெனி பஸ்ஸு.
எல்லாரும் சொகம் குடு சொகம் குடுன்னு கேக்கறாங்கோ.
நான் கேக்கல.
எடுத்துக்கோ அவர.
என்ன இன்னா வேணா நெனச்சுக்கோ."

சீட்டை நான்காக மடித்தாள்.
வாசித்து முடித்ததாக நினைத்து, பழக்கத்தில்,
முந்நூறு பேர் எதற்கென்று தெரியாமலேயே சொன்னார்கள்:
'கர்த்தாவே, எங்கள் ஜெபத்தைக் கேட்டருளும்.'
நானும் சொல்லியிருக்கிறேன்.
அந்த ஒருமுறைதான் பிந்தவில்லை.

"இன்னாப்பா, பொம்பளைங்க ஜெபத்துல
மைக் செத்துப்போச்சு?" என்றார் செயலாளர்.
"ஒயர் லூஸ், சார்."
நூறு ரூபாயைக் குறைத்துக்கொண்டார்.

கூட்டம் கலைந்தபிறகு
செருப்புக்காக வந்தாள். என் ஸ்டூலுக்கு அடியில் கிடந்தது.
காலை நுழைத்துக்கொண்டே,
"வெளிய கேட்டுதா?"
"இல்லக்கா."
வார் அறுந்திருந்ததை ஊக்கால் குத்தினாள்.
ஊரார் செருப்புக்கெல்லாம் சோல் ஒட்டுகிறவள்.
நிமிர்ந்தாள்.
"உனக்கு?"

முழங்கைக்கும் கட்டைவிரலுக்கும் நடுவில்
ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.
எத்தனை சுற்று என்பது விட்டுப்போனது.
அவிழ்த்து,
முதலிலிருந்து சுற்றத் தொடங்கினேன்.