இடப்பக்கம்

கஜரூபனுக்கு என்னைவிட ஒன்பது வயசு குறைவு.
வவுனியாவிலிருந்து வந்து மூன்று வருசம்.
அவன் கோச், நான் பத்தாம் இலக்கம்.
மைதானத்துக்குள் "பத்து" என்பான்,
கோட்டைத் தாண்டினால் "அண்ணை".

மல்லாவியில் உரக்கடை பூட்டின பிறகு
யூரியாப் பையைக் கவிழ்த்து விரித்து
சோடா மூடிகளைப் பரப்புவோம்.
பதினொரு மூடி எங்களுக்கு,
எதிரணிக்கு உழுந்து.

"இனி நீங்கள் ஓட வேண்டாம் அண்ணை."
"ஓடாட்டி?"
"நில்லுங்கோ. பந்து ஓடட்டும்."
முப்பத்தெட்டு வயசுக்காரனுக்கு
இதைவிடப் பண்பாய் ஒருத்தரும் சொல்லேலாது.
எழும்பிப் போய் மோட்டார் சைக்கிளை உதைச்சேன்.
அது ஸ்டார்ட் ஆகேல்லை.
திரும்பி வந்து இருந்தேன்.

அவன்ரை திட்டத்தில் ஐந்து பாஸ்.
எங்கட தரையில் மூன்றாவது பாஸே
மாட்டுக் குளம்படியில் தட்டி எங்கேயோ போகும்.
இரண்டைக் கழித்தேன்.
அவன் என்ரை நீளப் பந்தைக் கழித்தான்,
பதினைந்து வருசமாய் நான் அடிக்கிற பந்து,
ஒரு மூடியை எடுத்துச் சட்டைப் பைக்குள் போடுற மாதிரி.

பேந்து கேட்டான்:
"ஏனண்ணை நீங்கள் இடப்பக்கம் பார்க்கிறதே இல்லை?"
நாலு மேட்ச் போனில் எடுத்து எண்ணி வைத்திருந்தான்.
நூற்றுப் பதினாறு பந்து. இடப்பக்கம் ஒன்பது.
"இடக்கால் எனக்குச் சோறு பிசையாத கை" என்றேன்.
"கால் இல்லை அண்ணை. தலையே திரும்பேல்லை."

வீட்டை போற வழியில்
வாய்க்கால் பாலத்தில்தான் விளங்கினது.

முகாமிலிருந்து திரும்பின வருசம்
ஒரு சோடிக் கம்பந்தான் மைதானத்தில்.
எல்லாரும் அந்தக் கோலுக்கே அடித்தோம்.
இடப்பக்கக் கோட்டுக்கு நாலடி அங்கால
மஞ்சள் நாடா, சிவப்புப் பலகை, மண்டையோடு.
அதுக்குள்ள போன பந்து போனதுதான்.
காசு சேர்த்து வாங்கின ஐந்து பந்து
வெளிறி, காற்றிறங்கி,
எங்களையே பார்த்துக்கொண்டு கிடந்தன.
வலப்பக்கம் விளையாடு என்று
ஆரும் ஆருக்கும் சொல்லேல்லை.
வெடி கிளப்பி, நாடா அறுத்துப் பதின்மூன்று வருசம்.
இப்ப அதிலே மகேஸ்வரியக்கா கச்சான் போட்டிருக்கிறா.

அடுத்த நாள் சொன்னேன்.
அவன் கனநேரம் கதைக்கேல்லை.
பிறகு ஒரு மூடியை இடது ஓரத்துக்குத் தள்ளினான்.
"துவாரகன். அவனுக்கு அப்ப ரெண்டு வயசு.
நாடா தெரியாது."

எனக்குத் தெரியுமே.

என்ரை மூடியை எடுத்து
கோலுக்கு முதுகு காட்டித் திருப்பி வைத்தேன்.
இப்படி நின்றால் இடது எனக்கு வலது.
வலக்காலின் வெளிப்பக்கத்தால் ஒரு தட்டு,
கண் போகத் தேவையில்லை.
அவன் மூடியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
"இது பாடத்தில் இல்லை" என்றான்,
உழுந்தெல்லாத்தையும் கலைத்துத் திரும்ப அடுக்கினான்.

பாண்டியன்குளத்தாரோடு மேட்ச்.
(ரெண்டுக்கு ஒன்று தோற்றோம், அது வேற கதை.)
இரண்டாம் பாதி, அந்தக் கம்பத்தை நோக்கி.
முதுகைக் காட்டி நின்றேன். பந்து வந்தது. தட்டினேன்.
கூடிப் போச்சு.
துவாரகனையும் தாண்டி
கோட்டையும் தாண்டி உருண்டது.

அவன் நிக்கேல்லை.
நாடா இருந்த இடத்தை ஒரே பாய்ச்சலில் கடந்து
கச்சானுக்குள் இறங்கினான்.
நான் அவன்ரை காலையே பார்த்தேன்,
ஒவ்வொரு அடியையும்.
அக்கா பேசுறது கேட்டது.
செடியோடு சேர்த்துப் பந்தைத் தூக்கி
மண்ணைத் தட்டி
எறிந்தான்.

கோட்டடியில் கஜரூபன் ரெண்டு கையையும் வாயில் குவித்து:
"பத்து! இன்னொருக்கா!"