அடக்கவிலை

பெயிண்டர் முத்திருளனிடம் காலி வாளி ஏழு.
ஒன்று முப்பது என்றார்,
இருபத்தைந்துக்குத் தீர்ந்தது: நூற்றி எழுபத்தைந்து.
கம்பியைக் காய்ச்சி அடியில் ஓட்டை போட்டேன்.
கேஸ் செலவை எழுதவில்லை.
செம்மண் இரண்டு மூட்டை, இறக்குகூலியோடு நூற்றி அறுபது.
வேப்பெண்ணெய் நாற்பத்தைந்து. சணல் இருபது.
ஆட்டுப்புழுக்கை இனாம்.
கண்மாய்க்கரையில் கிடை போட்டிருந்தவர்
“புளிச்ச மோரு இருந்தா ஒரு செம்பு குடு தாயி” என்றார்.
அதை எந்தப் பத்தியில் எழுதுவது?

விளாங்குடியில் வாடகை வீடு.
பின்னால், துவைகல்லுக்கும் செப்டிக் டேங்குக்கும் நடுவே
ஒரு கட்டில் போடுகிற அளவுக்கு வெயில்.
அங்கேதான்.

பகலில் பரவை மார்க்கெட்.
கமிஷன் கடையில் சீட்டு எழுதுகிறேன்.
பெட்டி எத்தனை, விலை என்ன,
கழிவு, கமிஷன், இறக்குகூலி, வண்டி வாடகை,
மிச்சம்.
பன்னிரண்டு வருஷமாய் என் கையெழுத்தில்தான்
மிச்சம் பஸ் ஏறிப் போகிறது.

விதைக்குக் காசில்லை.
கடைவாசலில் லோடு ஆட்கள் மிதித்த தக்காளி,
சாம்பலில் புரட்டி
காலண்டர் தாளில் காயவைத்தது.
கறிவேப்பிலை, எதிர்வீட்டுக் கன்று.
புதினா, வாங்கிய கட்டின் காம்பு.
தண்ணீர் நாள் விட்டு நாள் வரும் ஊரில்
அரிசி கழுவியது செடிக்கு,
பாத்திரம் கழுவியது முருங்கைப் போத்துக்கு,
பையன் குளிப்பது
வாளி வரிசைக்குப் பக்கத்தில் நின்று.

இருபத்திரண்டாம் நாள் அரைக்கீரை.
இருபத்துமூன்றாம் நாள் மயில்.
விரட்டக் கையெடுத்தால்
“முருகன் வாகனம்” என்கிறார் வீட்டுக்காரர்,
அவர் கீரை இல்லையே.
அப்புறம் மாவுப்பூச்சி.
பழைய பல்துலக்கியால் ஒவ்வொரு கணுவாய்த் தேய்த்தேன்,
ராத்திரி பத்து மணிக்கு,
செல்போன் வெளிச்சத்தில்.
“இந்தக் காசுக்கு ஒரு மாசக் காய் வாங்கலாம்”
என்று கதவிலிருந்து சொல்லிவிட்டு
வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது
வீட்டு மனுஷன்.

நாலாம் மாசம் பழுத்தது.
எல்லாம் சேர்த்து ஒரு கிலோ அறுநூறு கிராம்.
ஏழு வாளியில் தக்காளி நாலு என்று பங்கு போட்டு
வகுத்துப் பார்த்தேன்:
கிலோ நூற்றி நாற்பத்து மூன்று ரூபாய்.
என் ராத்திரிகளைச் சேர்க்காமல்.

அன்று மார்க்கெட்டில்
பதினைந்து கிலோப் பெட்டி அறுபது.
உசிலம்பட்டிப் பக்கத்து ஒச்சம்மாள்
ஒன்பது பெட்டியோடு வந்திருந்தாள்,
என் வயசுதான்.
கமிஷன் ஐம்பத்து நாலு,
இறக்குகூலி நாற்பத்தைந்து,
வண்டி நூற்றி எண்பது.
மிச்சம் இருநூற்றி அறுபத்தொன்று.
போன தடவையெல்லாம் “இம்புட்டுத்தானா” என்பாள்,
“வரத்து ஜாஸ்தி” என்பேன்.
இன்று கேட்கவில்லை.
நான்தான் கேட்டேன்:
“ஒரு பெட்டிக்கு எத்தனை நாள் தண்ணி பாச்சுவீக?”
சீட்டை நாலாய் மடித்தபடி சொன்னாள்:
“அத எழுத இதுல எடம் இருக்கா?”

ராத்திரி ரசம்.
பையன் தக்காளித் தோலைத் தட்டோரம் ஒதுக்கினான்.
எடுத்து நான் தின்றேன்.
புளிப்பு கொஞ்சம் தூக்கல்,
தோல் தடிப்பு,
மார்க்கெட்டில் போட்டால்
இரண்டாம் ரகத்தில் தள்ளுவேன்.

மறுநாள் கழிவுப் பத்திக்கு வந்ததும்
பேனா நின்றது.
முதலாளி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.
எழுதினேன்,
பெட்டிக்கு அரைக்கிலோ, வழக்கம்போல.

வீட்டு நோட்டில் மட்டும்
ஸ்கேல் வைத்துப் புதிதாய் ஒரு பத்தி பிரித்தேன்.
தலைப்பு இன்னும் போடவில்லை.
முதல் வரி:
மோர், ஒரு செம்பு.