ஆயிரத்து நானூற்றைம்பது ரூபா வெளிச்சம்

பெட்டியில் இருபதாயிரம் லூமன் என்று போட்டிருந்தது,
இரண்டு கிலோமீற்றர் அடிக்கும் என்றும்.
களுவாஞ்சிகுடியில் ஜெஸீலின் கடை.
உத்தரவாதம் எவ்வளவு காலம் என்று கேட்டேன்.
"கடை வாசல் மட்டும்" என்றான், சிரிக்காமல்.

அன்றிரவே வெல்லாவெளி றோட்டில் அளந்தேன்.
முதலாம் மின்கம்பம்: நம்பர் வாசிக்கலாம்.
இரண்டாவது: கம்பம் உண்டு, நம்பர் இல்லை.
மூன்றாவதில் ஒரு நாய், அல்லது நாய் மாதிரி ஒன்று.
நான்காவது
விடிந்தால்தான் தெரியும்.

கழுத்தை இழுத்தால் ஒளி சுருங்கிச் சதுரமாகிறது.
கூட்டுறவுக் கடைச் சுவரில் அடித்துப் பார்த்தேன்.
சதுரத்துக்குள் மூன்று மெல்லிய கறுப்புக் கோடுகள்:
உள்ளே எரிகிற மஞ்சள் சில்லு
தன் நரம்பைத் தானே பெரிதாக்கிக் காட்டுகிறது,
வெட்கமில்லாமல்.

பொத்தானை அரைவாசி அமர்த்தினால் மங்கல்.
இன்னொருக்கா அமர்த்தினால் மினுக்கல்.
மறுகாலும் அமர்த்தினால்
கப்பல் தாழ்கிறதாம், வந்து காப்பாற்றட்டாம்.
பாலையடிவட்டையில்
கப்பலுக்கு நான் எங்கே போவேன்?

யோகமலர் தையல் மேசையை
ஒரு மணித்தியாலத்துக்கு விட்டுத் தந்தாள்.
கழற்றினேன்.
ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரம் என்று எழுதிய பற்றரி
கையில் வெற்றுக் கோதுபோல் கிடந்தது.
எறிந்துவிட்டு, பிரதேச சபை கழித்த லப்டொப்பின்
வயிற்றிலிருந்து ஊதா நிறத்தில் ஒன்றைப் போட்டேன்.
வில்லின் தலைக்கும் காலுக்கும் செப்புக் கம்பி சோல்டர்:
சுருளெல்லாம் சுற்றாமல் மின்சாரம் நேரே போகட்டும்.
சில்லுக்கு அடியில் பசையே இல்லை, வெறுங்காற்று;
கடுகளவு வெள்ளைப் பசை.
ஆடுகிற கழுத்துக்குச் சைக்கிள் ரியூப் வளையம்.
மினுக்குகிற சர்க்கிட்டை முழுதாய்ப் பிடுங்கி
ஒரேயொரு றெசிஸ்டர். இனி
எரியும், அல்லது எரியாது.

முதல் றெசிஸ்டர் புகைந்தது.
மேசையில் விழுந்த பழுப்பு வட்டம் பற்றி
இங்கே எழுதவில்லை.

நான்காம் கம்பம் வந்தது. ஐந்தாவதும் வந்தது.
ஆறாவதில் நாய்க்கு இரண்டு பச்சைக் கண்கள்.

வேளாண்மை குடலைப் பருவம். ஆனை வரும் நாள்.
வாடியில் நானும் விமலேஸும்.
அவனிடம் பழைய டோச், மூன்று பெரிய பற்றரி,
சொதித்தண்ணி போல் ஒரு வெளிச்சம்.
இரண்டு மணிக்கு
வாய்க்காலுக்கு அப்பால் ஏதோ முறிந்தது.

கழுத்தை இழுத்தேன். என் சதுரம்
நெல்லின் மேலால் ஓடி ஒரு நெற்றியில் நின்றது.
மூன்று கறுப்புக் கோடுகள். அவற்றின் கீழே,
என் டோச்சினுடையதல்லாத நான்காவது கோடு:
ஆறிய காயம். கட்டுத்துவக்காய் இருக்கலாம்.
என்ன துல்லியம்!
சொன்னால் வெட்கம், நான் ஆனையைப் பார்க்கவில்லை,
டோச்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
"ஒண்டுதான்கா, தனிக் கொம்பன். வெடியைக் கொழுத்து."

விமலேஸ் கொழுத்தவில்லை.
சொதி வெளிச்சத்தை மெல்லச் சுழற்றினான்.
அது எதையும் காட்டவில்லை,
இருட்டில் சில இடங்கள்
கூடுதலாய் இருட்டு என்பதைத் தவிர.
அவன் அந்த இடங்களை எண்ணினான்.
ஏழு.
இரண்டு, கதிரை உயரம்.
ஒன்று எங்களுக்குப் பின்னால்,
ஒரு கம்பத் தூரம்கூட இல்லை.

அணைத்தோம். மூச்சையும்.
தின்னட்டும் என்று கிடந்தோம்.
நல்லரெத்தினத்தாரின் மூலையில் அரை ஏக்கர் போனது.
விடிய அவர் வந்து வரம்பில் குந்தியிருந்தார்.
நான் டோச்சைச் சாரத்துக்குள் செருகிக்கொண்டேன்.

இன்று லென்ஸின் கீழ்ப்பாதியை மட்டும்
அரத்தாளால் தேய்த்தேன்.
சதுரம் இன்னும் இருக்கிறது, கொஞ்சம் சோர்ந்து;
அதைச் சுற்றிப் பால் சிந்தினாற்போல் ஒரு பரப்பு.
ஐந்தாம் கம்பம் போய்விட்டது. போகட்டும்.

சோதனையைச் சுவரில் செய்யவில்லை,
மாட்டுப் பட்டியில் செய்தேன்.
பதினொன்று.
விமலேஸ் பன்னிரண்டு என்கிறான்.