நாற்பத்தோராவது கடன்காரி

திவால் அலுவலகத்தின் கடிதம்:
மின்சாரம், அச்சகம், வாடகைக்கெல்லாம் கீழே
நாற்பத்தோராவது கடன்காரி நான்.
இருநூற்றுப் பன்னிரண்டு டொலர். வராது.

கடன்காரி. கொடுத்தவளா பட்டவளா,
தமிழ் சொல்லாது.
ஒரு தலைப்புக்காக ஆறு மாதம்
அருமைநாயகத்தின் அச்சை நான் நிறுத்தியது
பட்டியலில் இல்லை.

ஸ்காபரோ களஞ்சிய அறையில்
பிரதி நாற்பது சதம்.
என் புத்தகத்தை நானே வாங்கினேன்,
பதினொரு பெட்டி.
அவர்தான் தூக்கித் தந்தார்.
"நூற்றுநாலாம் பக்கத்தில ஒரு பிழை,
அடுத்த பதிப்பில பாப்பம்."

வீட்டில் இடமில்லை, கார் டிக்கியிலேயே கிடக்கின்றன.
நேற்று எக்ளிண்டன் இறக்கத்தில்
கண்ணுக்குத் தெரியாத ஐஸ்.
முன்னால் போனவன் சுழன்றான்,
என் கார் அசையாமல் நின்றது.

பின்னுக்கு மணல் மூட்டையோ
என்று கேட்டான் இழுவை வண்டிக்காரன்.
ஓம் என்றேன்.